நாலாவது ஆளின் கம்ப்யூட்டர்

சனிக்கிழமை மாலை நாலு மணிக்குள் அந்தக் கம்ப்யூட்டர் ஓட வேண்டும். ஓடாவிட்டால், வாரத்துக்கு ஒரு மணி நேரம் மகளோடு பேசக் கிடைத்திருந்த இடம் அவருக்கு இல்லாமல் போய்விடும். இது தெரியவந்தபோது கையில் பதினேழு நாள் இருந்தது. பணம் முப்பதாயிரம் இருந்தது. அந்த முப்பதாயிரமும் கடைவாய்ப் பல்லுக்கு மூடி போடுவதற்காகச் சேர்த்து வைத்தது. பதினோரு மாதமாக அவர் இடது பக்கத்தில் மட்டும் மென்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வயது நாற்பத்தாறு. மின் பலகைகள் செய்யும் பட்டறை ஒன்றில் வயர்மேன். லிஃப்ட் அறைகளிலும் தண்ணீர் மோட்டார் அறைகளிலும் ஆளுயரத்துக்குச் சாம்பல் நிற இரும்பு அலமாரி நிற்கும். அதன் கதவைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. திறந்தால் உள்ளே நூற்றுக்கணக்கான வயர்கள் இருக்கும். அவர் கட்டிய அலமாரி என்றால் ஒரு வயர் இன்னொன்றின் மேல் ஏறியிருக்காது. எண்ணெய் வைத்துச் சீவிய தலைபோல இரண்டு பக்கமும் படிந்து இறங்கும். அதனால் பட்டறையில் அவருக்கு வகிடு என்று பெயர் வைத்தார்கள். தலையில் வகிடெடுக்க முடி இல்லாமல் போன பிறகு அந்தப் பெயர் இன்னும் இறுகிவிட்டது.

பட்டறைக்கு ஒரு விதி உண்டு. கட்டியவர் சோதிக்கக் கூடாது. வயர் கட்டி முடித்ததும் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். அதன் பிறகு மீட்டரும் கையுமாக டெஸ்டர் அக்கா வருவார். அவரைவிட வகிடு ஐந்து வயது பெரியவர். ஆனாலும் அந்த அம்மாள் எல்லோருக்கும் அக்காதான். கட்டிய கண்ணுக்குத் தன் தப்பு தெரியாது என்பது அவருடைய சித்தாந்தம். ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்ப்பார். தப்பு இருந்தால் ஒரு சிவப்புச் சீட்டை ஒட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த அலமாரிக்குப் போய்விடுவார். இருபத்திரண்டு வருடத்தில் வகிடு வாங்கிய சிவப்புச் சீட்டுகள் பதினொன்று. ஒவ்வொன்றும் எந்த அலமாரி, எந்த வயர் என்று அவருக்கு இன்றும் மனப்பாடம். ஆனால் இந்த இருபத்திரண்டு வருடத்தில், தான் கட்டியதற்குத் தானே மீட்டர் வைத்துப் பார்த்த நாள் ஒன்றுகூட இல்லை.

மனைவி நர்ஸ். நாலு வருடத்துக்கு முன் அவருக்கு இன்னொரு ஊரில், ஓர் இரவு முழுக்கப் பஸ்ஸில் போகும் தூரத்தில், பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. போனார். மகளும் அவரோடு போனாள். முதலில் வேலைக்காகப் பிரிந்திருக்கிறோம் என்றுதான் இருவரும் சொல்லிக்கொண்டார்கள். பிறகு அப்படிச் சொல்வதையும் நிறுத்திவிட்டார்கள். சண்டை இல்லை, வக்கீல் இல்லை. உலையில் தண்ணீர் சுண்டுவதுபோல அது தானாகச் சுண்டிப்போனது.

மகளோடு போனில் பேச அவரால் முடியவில்லை. சாப்பிட்டியா என்பார். ம் என்பாள். ஸ்கூல் எப்படி என்பார். ம் என்பாள். இன்னும் இரண்டு கேள்வி கேட்டால் அதற்கும் அதே பதில்தான். பிறகு அம்மா கூப்பிடுகிறாள் என்று வைத்துவிடுவாள். அம்மா அப்போது டியூட்டியில் இருப்பது இருவருக்கும் தெரியும். ஒரு கட்டத்தில் போன் மாதத்துக்கு ஒரு முறை என்றானது. பிறகு பிறந்தநாளுக்கு என்றானது.

அப்போதுதான் அவளாகவே ஒருநாள் ஒரு விளையாட்டின் பெயரை அனுப்பினாள். லாரி ஓட்டும் விளையாட்டு. பனி விழும் மலைப்பாதையில் மரக்கட்டைகளை ஏற்றிக்கொண்டு ஆளுக்கொரு லாரியில் போக வேண்டும். சனிக்கிழமை நாலு மணிக்கு என்றாள். அவர் பட்டறை முதலாளி ஓரம் கட்டிய பழைய கம்ப்யூட்டரை வாங்கி, உள்ளே இருந்த வயர்களைத் தன் கைவழக்கப்படி கட்டி, அந்த விளையாட்டை ஏற்றினார். அதில் தனக்கென்று ஒரு பெயர் வைக்க வேண்டியிருந்தது. அப்பா என்று அடித்தார். ஏற்கெனவே வேறு யாரோ எடுத்துவிட்டார்கள் என்றது. அதனால் அப்பா2 ஆனார். அவளுடைய பெயர் கடுகு. 'எனக்கு ரெண்டாவது அப்பான்னு எல்லாரும் நினைச்சுக்கப் போறாங்க' என்று அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பு, இரண்டு வருடத்தில் அவர் கேட்ட முதல் சிரிப்பு.

லாரி ஓடிக்கொண்டிருந்தபோது அவள் பேசினாள். கேட்காமலே பேசினாள். பல்லில் கம்பி கட்டியது, கணக்கு டீச்சருக்குத் தன்னைப் பிடிக்காதது, அம்மா தூக்கத்தில் சிரிப்பது. கண் ரோட்டில் இருந்ததாலோ என்னவோ, அவருக்கும் வாய் வந்தது. பட்டறையில் எலி வயரைக் கடித்த கதையை மூன்று வாரம் தொடர்கதையாகச் சொன்னார். இப்படியே இரண்டு வருடம் ஓடியது.

பிறகு அந்த விளையாட்டை நடத்திய கம்பெனி, மாதக் கடைசியோடு மூடுகிறோம் என்று அறிவித்தது.

அவளுடைய தோழிகள் வேறொரு விளையாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். துப்பாக்கிச் சண்டை, நாலு பேர் ஓர் அணி. சீசன் தொடங்கும் சனிக்கிழமை நாலு மணிக்கு, நாலு பேரும் அவரவர் கம்ப்யூட்டரில் விளையாட்டைத் திறந்து பதிவு செய்ய வேண்டும். அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஆள் மாற்ற முடியாது. மகளோடு சேர்த்து அவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். நாலாவது இடத்துக்கு வகுப்பில் ஒருத்தி தயாராகக் காத்திருந்தாள்.

"உங்களுக்குத்தான் வெச்சிருக்கேன்ப்பா," என்றாள் மகள். "ஆனா உங்க டப்பாவுல அது ஓடாது. நாலு மணி வரைக்கும்தான் பிடிச்சு வைக்க முடியும். அதுக்கு மேல என்னால சொல்ல முடியாது."

அவளே ஒரு பட்டியலும் அனுப்பினாள். விளையாட்டுக் கம்பெனி குறைந்தபட்சம் என்று போட்டிருந்தது ஒரு பக்கம், உண்மையில் என்ன வேண்டும் என்று அவள் எழுதியது இன்னொரு பக்கம். குறைந்தபட்சம் என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள், அது படம் அசைவதற்கு மட்டும்தான் என்று கீழே ஒரு குறிப்பு.

பாகங்கள் விற்கும் இடம் பஸ்ஸில் ஐம்பது நிமிடம். ஒரே கட்டடத்தின் இரண்டாவது மாடி முழுக்கக் கடைகள். ஒவ்வொன்றும் ஒரு கட்டில் போடும் அகலம். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் காற்றாடிகள் கலர் கலராக எரியும். அங்கே அவர் பிடித்த கடைக்காரரை எல்லோரும் ரேட் என்று கூப்பிட்டார்கள். பேச்சை எங்கே தொடங்கினாலும் அங்கேதான் வந்து முடிப்பார் என்பதால் வந்த பெயர்.

முதல் திட்டம் எளிமையாக இருந்தது. பழைய கம்ப்யூட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, படத்தைக் காட்டும் கிராஃபிக்ஸ் கார்டை மட்டும் மாற்றிவிடுவது. இதைக் கேட்டுவிட்டு, பழைய பிராசஸர் எது என்றார் ரேட். சொன்னதும் உதட்டைப் பிதுக்கினார். "அண்ணே, பானை பெருசா இருந்து என்ன பண்ண, வாய் சின்னதுன்னா? கார்டு வேலை கேட்டுக்கிட்டே நிக்கும், உங்க பிராசஸர் கொடுக்காது. காசு கொடுத்து கார்டைத் தூங்க வைக்கப் போறீங்க."

பிராசஸரை மாற்றலாம் என்றால் அது பழைய போர்டில் உட்காராது. போர்டை மாற்றினால் பழைய மெமரி அதில் பொருந்தாது. இவை மூன்றையும் மாற்றிக் கார்டையும் போட்டால், பழைய பவர் சப்ளை தாங்காது. ஓட்டை விழுந்த சட்டைக்குப் பட்டன் வாங்கப் போனவன் பேன்ட்டும் செருப்பும் வாங்கிய கதைதான். புதிதாக வாங்கினால் கார்டு ஒன்றே இருபத்தெட்டாயிரம். அந்த மாடியின் படிக்கட்டில் உட்கார்ந்து அவர் பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில் கூட்டிப் பார்த்தார். இரண்டு தடவை கூட்டினார். எந்தப் பக்கத்திலிருந்து கூட்டினாலும் அது அவருடைய பல்லைத் தாண்டிப் போனது.

இரண்டாவது திட்டம், கார்டே இல்லாமல் ஒப்பேற்றுவது. சில பிராசஸர்களிலேயே படம் காட்டும் பகுதியும் சேர்ந்திருக்கும். வீட்டுக்கு வந்து மகளுக்கு எழுதிக் கேட்டார். நொடிக்கு இருபத்தைந்து படம் வரும் என்கிறார்கள், போதுமா?

"அறுபதாவது வேணும்ப்பா," என்று அந்தச் சனிக்கிழமை லாரி ஓட்டிக்கொண்டே சொன்னாள். "இருபத்தஞ்சுன்னா எதிரி வர்றது உங்களுக்குத் தெரியறதுக்குள்ள அவன் உங்களைச் சுட்டுட்டு, டீ குடிச்சுட்டு, திரும்பி வந்து என்னையும் சுடுவான்."

அன்றைக்கு மலைப்பாதையில் அவர் லாரி இரண்டு முறை பள்ளத்தில் விழுந்தது. அவளும் கவனித்தாள். 

மீதி இருந்த ஒரே வழி பழைய பொருள். பட்டறையில் இரண்டு வாரம் தினமும் ஓவர்டைம் கேட்டு வாங்கினார். அந்தக் காசை அன்றன்றைக்கே கையில் தருவார்கள், மொத்தம் ஏழாயிரம் வரும். எதற்கு என்று டெஸ்டர் அக்கா விசாரித்தார். பல்லுக்கு என்றார். நாற்பத்தாறு வயதில் விளையாடுவதற்குக் கம்ப்யூட்டர் வாங்குகிறேன் என்று அந்தப் பட்டறையில் சொன்னால், வகிடு என்ற பெயர் போய் வேறு பெயர் வந்துவிடும். மகளுக்காக என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் அடுத்த கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கார்டு தேடுவதில் ஐந்து நாள் போயிற்று. பழைய கார்டுகளில் பாதி, இரவு பகலாக எங்கோ ஒரு கொட்டகையில் பிட்காயின் என்ற டிஜிட்டல் காசு சம்பாதித்துக் கொடுப்பதற்காக ஓடி ஓடித் தேய்ந்தவை. துடைத்துப் பளபளப்பாக்கிக் கொண்டுவந்து வைப்பார்கள். அவருக்குக் கார்டைப் பற்றித் தெரியாது. சூட்டைப் பற்றித் தெரியும். ஒவ்வொன்றையும் கையில் வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். அதிகம் காய்ந்த பலகைக்கு ஒரு மணம் உண்டு, லேசாக மீன் கவுச்சிபோல. ஸ்க்ரூ தலைகளில் கீறல் இருக்கிறதா என்று பார்த்தார். கழற்றி மாட்டியது என்றால் கீறல் சொல்லிவிடும். பக்கத்துக் கடைக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். "கார்டு வாங்க வந்தாரா, கருவாடு வாங்க வந்தாரா?" என்று ஒருவர் கேட்டார். அவரும் சிரித்தார். ஆறாவது கார்டில் மணமும் இல்லை, கீறலும் இல்லை. அரை மணி நேரம் கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொன்னார். காட்டினார்கள். பதினைந்தாயிரத்து ஐநூறு. கேரன்டி உண்டா என்றதற்கு, கடை வாசலைத் தாண்டும்வரை உண்டு என்றார் ரேட்.

பழைய பிராசஸர் ஆறாயிரத்து ஐநூறு, பழைய போர்டு ஐயாயிரம், மெமரி மூவாயிரத்து எண்ணூறு. கடைசியில் நின்றது பவர் சப்ளை. ரேட் ஆயிரத்து ஐநூறுக்கு ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். அவர் அதைக் கையில் தூக்கிப் பார்த்தார். உள்ளே செம்பு இருந்தால் கனக்கும். இது காற்றடைத்த பந்துபோல இருந்தது. திருப்பி வைத்துவிட்டார். மற்றதெல்லாம் பழசாக இருக்கட்டும், மின்சாரம் வரும் வாசல் மட்டும் புதுசாக இருக்க வேண்டும் என்று ஐயாயிரத்து நானூறுக்கு நல்லதாக ஒன்றை எடுத்தார். ரேட்டுக்கே மரியாதை வந்துவிட்டது. "எல்லாரும் இதுலதான் கஞ்சத்தனம் பண்ணுவாங்க. உங்களுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு," என்றார். பஸ்ஸில் திரும்பும்போது பையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த வாக்கியத்தை அவர் பல முறை நினைத்துப் பார்த்தார். சட்டைப் பையில் எண்ணூறு மீதி இருந்தது.

விளையாட்டைச் சேமித்து வைக்கும் டிரைவுக்குப் பணம் இல்லை. பழையதே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். புது விளையாட்டை அதில்தான் மூன்று நாள், இரவும் பகலும் கம்ப்யூட்டரை அணைக்காமல், இறக்கி வைத்திருந்தார். அவர் வீட்டு இன்டர்நெட்டின் வேகம் அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே தரையில் துணி விரித்து உட்கார்ந்தார். வேலை சுகமாகப் போயிற்று. பழைய பெட்டிக்குள் போர்டு உட்கார்ந்தது. பிராசஸர் தங்க நிறப் புள்ளியைப் பார்த்து உட்கார்ந்தது. மெமரி க்ளிக் என்றது. பெரிய கார்டு டிரைவ் கூண்டை உரசாமல் ஒரு விரல் இடைவெளியில் நின்றது. அதை அவர் நாலு நாள் முன்பே அளந்து வைத்திருந்தார். பழைய பவர் சப்ளையைக் கழற்றிவிட்டுப் புதியதை வைத்தார். போர்டுக்கும் கார்டுக்கும் போகும் வயர்களைப் புதிதாக இழுத்தார்.

டிரைவுக்குப் போகும் வயர் மட்டும் மிச்சம். அது இரும்புத் தட்டுக்குப் பின்னால், எல்லாக் கட்டுக்கும் அடியில் ஓடியது. இரண்டு வருடத்துக்கு முன் மெழுகு நூலால் இரண்டு விரலுக்கு ஒரு முடிச்சாக அவர் போட்ட கட்டு. பட்டறையில் கட்டிய வயரைப் பிரிப்பது கட்டிய சோற்றில் மண் போடுவதற்குச் சமம். புது சப்ளையோடு ஒரு பை நிறைய வயர்கள் வந்திருந்தன. பழைய வயரின் நுனி எந்தச் சேதமும் இல்லாமல் கையில் இருந்தது. புது சப்ளையின் துளையில் வைத்துப் பார்த்தார். அச்சு அசலாகப் பொருந்தியது. க்ளிக் என்றது. ஒரே வடிவம் என்றால் உள்ளே வயர்களின் வரிசையும் ஒன்றுதான். அவர்கள் தொழிலில் அதற்காகத்தான் வடிவமே. தப்பான வயர் தப்பான துளையில் போகக் கூடாது என்றுதான் ஒவ்வொரு பிளக்குக்கும் ஒரு மூலையை வெட்டி வைப்பார்கள். ஆனால் பவர் சப்ளை தயாரிக்கும் ஒவ்வொரு கம்பெனியும் தன் பெட்டியின் துளைக்குள் வயர்களின் வரிசையைத் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளும் என்பது அவர் கேள்விப்படாத சங்கதி.

எல்லாம் முடிந்தது. ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் ஓர் அடி பின்னால் நகர்ந்தார். அவருக்குப் பின்னால் யாரும் வரவில்லை. சுவிட்சைப் போட்டார்.

காற்றாடிகள் அரைச் சுற்று சுற்றின. டிரைவிலிருந்து நூல்போல ஒரு புகை எழுந்தது. பிறகு எல்லாம் நின்றது. மணி இரண்டு இருபது.

அவருடைய மூக்கு முதலில் புரிந்துகொண்டது. அந்த மணத்தை அவர் கடையில் ஆறு கார்டுகளில் தேடியிருந்தார். மறுபடி சுவிட்சைப் போட்டார். போர்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை. டிரைவைக் கழற்றினார், மெமரியைக் கழற்றி மாட்டினார், கார்டைக் கழற்றினார், போட்டார், அணைத்தார், போட்டார். ஏதாவது ஒன்று உயிரோடு இருந்தால் போதும் என்று சின்னப் பிள்ளைபோல அந்தப் பொத்தானையே அமுக்கிக்கொண்டிருந்தார். 

ரேட்டுக்குப் போன் செய்தார். எரிந்ததற்கு யார் கேரன்டி கொடுப்பார்கள் அண்ணே என்றார் அவர். குரலில் கேலி இல்லை. கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மணிக்கணக்கில் வாடகைக்கு விளையாடும் இடம் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள் என்று ஒரு நம்பர் கொடுத்தார். அங்கே கேட்டால், சீசன் முதல் நாள், ஒன்பது மணி வரைக்கும் சீட் இல்லை என்றார்கள். நின்றுகொண்டே விளையாடுகிறேன் என்று அவர் சொன்னார். எதிர்முனையில் இருந்தவருக்கு அது புரியவில்லை. இன்னும் இரண்டு இடங்களில் கேட்டார். ஒன்றில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. இன்னொன்று இப்போது ஜெராக்ஸ் கடை.

மூன்றரை ஆயிற்று. தரையில் பாகங்களின் நடுவே உட்கார்ந்திருந்தார். அடுத்த சம்பளத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள். அது வந்தாலும் பாதி வாடகைக்குப் போகும். மூன்று மாதம் கழித்து அவளுக்கு அவர் ஞாபகம் இருக்கும். சனிக்கிழமையின் ஞாபகம் இருக்காது. பதிமூன்று வயதில் மூன்று மாதம் என்பது ஓர் ஆயுள். மறுபடி பிறந்தநாள் போன். மறுபடி சாப்பிட்டியா, ம்.

மூன்று ஐம்பதுக்கு எழுதினார். 'வர முடியல. எரிஞ்சு போச்சு. அந்தப் பொண்ணைச் சேத்துக்கோ.'

அனுப்பியதும் போனைக் கவிழ்த்து வைத்தார். அது உடனே அடித்தது. அவளாகப் போன் செய்து எவ்வளவு நாள் ஆயிற்று என்று அவர் யோசித்ததில் நாலு தடவை அடித்து, எடுப்பதற்குள் நிற்கப் பார்த்தது.

"என்ன எரிஞ்சுது?" என்றாள்.

"எல்லாம்."

"எல்லாம்னா எதுப்பா? புகை எங்கேருந்து வந்துச்சு?"

"டிரைவ்லேருந்து."

"டிரைவுக்கு எந்த வயர் போட்டீங்க? புதுசுல வந்ததா, பழசா?"

பையில் பிரிக்காமல் கிடந்த புது வயரை அவர் எடுத்துப் பார்த்தார்.

"பழசையா? எந்த வீடியோ பார்த்தாலும் முதல் நிமிஷத்துலயே அதைத்தானேப்பா சொல்வாங்க? சப்ளை மாத்தினா வயரையும் மாத்தணும்னு? உங்க வேலையே வயர்தானே!"

"அதனாலதான்மா பார்க்கல," என்றார்.

 பின்னால் ஹெட்ஃபோனிலிருந்து சிறுமிகளின் குரல்கள் எறும்பு ஊர்வதுபோலக் கேட்டன. கடுகு, மணி ஆச்சு, பதிவு பண்ணணும். அவள் அவர்களிடம், எட்டாவது பெஞ்சைக் கூப்பிடு, அவ வரட்டும் என்றாள். கடைசி பெஞ்சில் உட்காருபவளாம். அணியில் அதுதான் பெயர். நாலாவது இடம் நிரம்பும் சத்தத்தை அவர் கேட்டார். அது ஒரு சின்ன டிங்.

வைத்துவிடலாம் என்று அவர் நினைத்தபோது அவள் சொன்னாள். "கட் பண்ணாதீங்க. ஸ்பீக்கர்ல போட்டு கீபோர்டு பக்கத்துல வெக்கறேன். போர்டுல பேட்டரி ஒண்ணு வட்டமா இருக்கும், அதைக் கழட்டி அஞ்சு நிமிஷம் கழிச்சுப் போட்டுப் பாருங்க."

கழற்றினார். அந்தப் பக்கம் துப்பாக்கிகள் வெடித்தன. ஐந்து நிமிடம் கழித்துப் போட்டார். ஒன்றும் எரியவில்லை. ஒரு குச்சி மெமரியை மட்டும் மாட்டிப் பாருங்கள் என்றாள். நடுவில் இடப்பக்கம், இடப்பக்கம் என்று கத்தினாள், அது அவருக்கு இல்லை. ஒன்றும் எரியவில்லை. அவள் ஒரு ரவுண்டில் செத்துப்போய்க் காத்திருந்த நேரத்தில், போர்டும் போய்விட்டது என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். கார்டு இருக்கிறதா போனதா என்று பார்க்க இன்னொரு போர்டு வேண்டும்.

"யார்கூட பேசிட்டிருக்க?" என்றது ஒரு குரல்.

"எங்க அப்பா. சிஸ்டம் எரிஞ்சுடுச்சு."

"எப்படி?"

"பழைய கேபிள்."

மூன்று குரல்கள் ஒரே நேரத்தில் ஐயோ என்றன. அவருடைய இடத்தில் உட்கார்ந்திருந்த எட்டாவது பெஞ்ச் நல்ல பெண். எங்கள் சித்தப்பாவும் இதையேதான் செய்தார் அங்கிள், அவர் இன்ஜினியர் என்று ஆறுதல் சொன்னாள். இன்னொருத்தி, ஒரே மாதிரி பிளக்கை வைத்துவிட்டு உள்ளே மாற்றுவது அயோக்கியத்தனம் என்று கம்பெனிகளைத் திட்டினாள். அவர் தரையில் உட்கார்ந்தபடி, முகம் தெரியாத மூன்று பிள்ளைகளுக்கும் மகளுக்கும், மின் பலகையில் பிளக்கின் மூலையை ஏன் வெட்டுவார்கள் என்று விளக்கினார். தான் செய்ததைச் சோதிக்க இன்னொருவர் வருவார், இங்கே யாரும் வரவில்லை, அதனால்தான் என்றும் சொன்னார். சிரிக்கவில்லை அவர்கள். கேட்டுக்கொண்டார்கள்.

"எவ்ளோ அங்கிள் போச்சு?" என்றது முதல் குரல்.

சொன்னார். அந்தப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு பாகத்தின் விலையும் தெரியும். 

"பல்லு காசா?" என்றாள் மகள். அவர் அவளிடம் பல்லைப் பற்றிச் சொன்னதே இல்லை. ஒரு பக்கமாகவே மென்று மென்று அவர் பேச்சு ஒரு பக்கமாக இழுப்பதை லாரியில் அவள் கேட்டிருக்கிறாள் போலிருந்தது.

"அது கிடக்கட்டும்மா."

அடுத்த ரவுண்டு தொடங்கப்போகிறது என்று யாரோ சொன்னார்கள். அவள் ஹெட்ஃபோனைச் சரிசெய்யும் சத்தம் கேட்டது.

"லைன்லயே இருங்கப்பா. முடிஞ்சதும் பேசறேன்."

"எவ்ளோ நேரம் ஆகும்?"

"தெரியல. பதிமூணு ரவுண்டு யார் முதல்ல எடுக்கறாங்களோ அவங்க ஜெயிப்பாங்க. இப்ப ஒன்பதுக்கு நாலு, நாங்கதான் முன்னாடி. இப்படியே போனா பத்து நிமிஷத்துல முடிஞ்சுடும். அவங்க விடாம இழுத்தா அரை மணி நேரம்கூட ஆகும்."

துப்பாக்கிச் சத்தம் மறுபடி எழுந்தது. எரிந்த போர்டையும் டிரைவையும் துணியில் ஓரமாகத் தள்ளிவிட்டு, அவர் போனைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டார். பெற்ற மகளின் அணி அடுத்த ஐந்து ரவுண்டிலும் தோற்க வேண்டும் என்று, வெட்கத்தோடு, மனதார வேண்டிக்கொண்டார்.